படிவத்தில் இருந்த 270 டன்

டெக்சஸ் மாநிலத்தில் வேக்கோ நகருக்கு வடக்கே வெஸ்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. 2013 ஏப்ரல் 17 அன்று மாலை ஏழரை மணி வாக்கில் அங்கிருந்த உரக் கிடங்கில் தீப்பிடித்ததாகத் தகவல் போனது. ஊர்த் தீயணைப்புப் படையினர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார்கள். அடுத்த இருபது நிமிடங்களில் கிடங்கு வெடித்தது. 15 பேர் இறந்தார்கள்; அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் ஆட்களை மீட்கவும் போனவர்கள். 260 பேருக்கு மேல் காயம். பக்கத்திலிருந்த முதியோர் இல்லமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் சிதைந்தன. கிடங்கு நின்ற இடத்தில் 93 அடி அகலத்தில், 12 அடி ஆழத்தில் ஒரு பள்ளம். அந்த அதிர்வை நிலநடுக்கக் கருவிகள் 2.1 ரிக்டர் என்று பதிவு செய்தன.

வெடித்தது அம்மோனியம் நைட்ரேட். அங்கே அது இருந்தது அரசுக்குத் தெரியாதா என்றால், தெரியும். முந்தைய ஆண்டுக்கான இருப்புக் கணக்கில் அந்த நிறுவனமே 270 டன் வரை வைத்திருப்பதாக எழுதி, மாநிலச் சுகாதாரத் துறைக்கு அனுப்பியிருந்தது. அதே பொருளை ஒரு டன் வைத்திருந்தாலே மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தனியாகச் சொல்லியாக வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. (அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ.) அந்தத் துறைக்கு எதுவும் போகவில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு வேறொரு அறிக்கை போயிருந்தது. நேரக்கூடிய மோசமான விபத்து எதுவென்று கேட்கும் அறிக்கை அது. அம்மோனியா வாயு பத்து நிமிடம் கசியலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்காக நிறுவனத்தைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த முகமையின் விபத்துத் தடுப்புப் பட்டியலில் அந்தப் பொருளே இல்லை.

ஒரே கிடங்கு, மூன்று அலுவலகங்கள், மூன்று பட்டியல்கள். உண்மை ஓர் அலுவலகத்தில் இருந்தது. அதன் பொருளை உணர்ந்து ‘கிட்டே போகாதீர்கள்’ என்று சொல்ல வேண்டியவர்கள் வேறெங்கோ இருந்தார்கள்.

அம்மோனியம் நைட்ரேட்டின் குணத்தைப் பார்த்தால், அதைப் பட்டியலில் அடைப்பது ஏன் கடினம் என்பது புரியும். வெள்ளைக் குருணையாக இருக்கும். எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால் நல்ல உரம். தீக்குச்சியைக் கிழித்து வைத்தால் பற்றிக்கொள்ளாது. ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் உருகும். 210 டிகிரியைத் தாண்டினால் சிதைந்து நைட்ரஸ் ஆக்சைடும் நீராவியும் ஆகும். வாயு வெளியேற வழியிருந்தால் அத்தோடு போய்விடலாம். வழியில்லாமல் அடைபட்டாலோ, கரித்தூள், எண்ணெய், உருகிய பிளாஸ்டிக் போன்றவை கலந்தாலோ கதை வேறு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கும் உப்பு இது; வெளிக்காற்றை எதிர்பார்க்காது. வெஸ்ட்டில் அதை மரக் கட்டடத்தில், ஒட்டுப்பலகைத் தொட்டிகளில் கொட்டி வைத்திருந்தார்கள். தானியங்கி நீர்த் தெளிப்பான் கிடையாது. தீப்பிடித்தபோது கிடங்கில் 40 முதல் 60 டன் இருந்திருக்கும், அதில் 30 டன் அளவு வெடித்திருக்கும் என்று அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் பின்னர் கணித்தது. அடைத்து வைக்கும் முறையைப் பொறுத்து உரமாகவோ வெடிபொருளாகவோ நடந்துகொள்ளும் ஒன்றை ‘இத்தனை டன்’ என்ற ஒற்றை எண்ணால் அளந்துவிட முடியாது.

சுகாதாரத் துறைக்குப் போன அந்தப் படிவம் அமெரிக்காவில் பிறந்தது என்றாலும் அதன் வேர் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு. போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் தண்ணீர் புகுந்து, 40 டன் அளவுக்கு மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. 39 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. அதன் ஆவி காற்றைவிட இரு மடங்கு கனம் என்பதால் தரையோடு தரையாகப் பரவும். ஆலையைச் சுற்றிக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. மருத்துவமனைக்கு ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவர்களை எந்த வாயு தாக்கியது, என்ன சிகிச்சை தருவது என்பது மருத்துவர்களுக்கும் தெரியவில்லை. இறந்தோர் எண்ணிக்கை பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. மாநில அரசின் பழைய கணக்கே மூவாயிரத்தைத் தாண்டுகிறது.

அதே நிறுவனத்துக்கு மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இன்னோர் ஆலை இருந்தது. அங்கும் அதே மீத்தைல் ஐசோசயனேட். ‘இங்கே அப்படி நடக்காது’ என்ற உறுதிமொழிகளின் ஈரம் காயுமுன், 1985 ஆகஸ்ட் 11 அன்று அங்கே வேறொரு ரசாயனம், ஆல்டிகார்ப் ஆக்ஸைம், கசிந்தது. ஏறத்தாழ 135 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் தொலைவில், ஏழை நாட்டில் நடக்கும் விஷயம் என்று அமெரிக்கர்கள் நினைத்திருந்தது அன்றோடு முடிந்தது. 1986 அக்டோபர் 17 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட ஒரு பெரிய சட்டத்துக்குள், ‘அவசரத் திட்டமிடல் மற்றும் சமூகத்தின் அறியும் உரிமை’ என்று ஒரு பகுதி நுழைந்தது. அபாயகரமான ரசாயனத்தைக் கையாளும் தொழிலகம் எதை, எவ்வளவு, எங்கே வைத்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

அப்படிச் சொல்வதற்கான முக்கியக் கருவியின் பெயர் இரண்டாம் அடுக்குப் படிவம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1க்குள், முந்தைய ஆண்டின் கணக்கை நிரப்பி மூன்று இடங்களுக்கு அனுப்ப வேண்டும்: மாநில ஆணையம், உள்ளூர்த் திட்டக் குழு, ஊர்த் தீயணைப்பு நிலையம். பார்க்க வருமான வரிப் படிவம்போலச் சலிப்பூட்டுவதுதான். ஆனால் அதன் கட்டங்களைக் கவனித்தால், தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கும் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகளே வரிசையாக இருப்பது தெரியும். திடமா, திரவமா, வாயுவா? ஆண்டில் ஒரு நாளாவது இருந்த உச்ச அளவு என்ன, சராசரி எவ்வளவு, எத்தனை நாள் இருந்தது? உருளையிலா, தொட்டியிலா, மூட்டையிலா? அழுத்தத்தில் இருக்கிறதா? குளிரூட்டப்பட்டிருக்கிறதா? வளாகத்தில் எந்த மூலையில்? நள்ளிரவில் யாரை அழைப்பது?

பெயருக்கான கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் உண்டு: சிஏஎஸ் எண். ஒரே பொருளுக்கு வணிகப் பெயர் ஒன்று, பட்டறைப் பெயர் ஒன்று, பாடநூல் பெயர் ஒன்று என்று இருக்கும். எண் மட்டும் ஒன்றுதான். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 6484-52-2. இதில் கடைசி இலக்கம் காவல் இலக்கம். மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டினால் (2, 10, 12, 32, 20, 36) 112 வரும். அதன் கடைசி இலக்கம் 2. எழுத்தர் தட்டச்சில் ஒரே ஓர் இலக்கத்தைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் இந்தக் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும். ரசாயன நிர்வாகத்தில் இவ்வளவு அழகாக அமைந்த விஷயங்கள் குறைவு.

எவ்வளவு இருந்தால் அறிவிக்க வேண்டும் என்பதில்தான் அறிவியலும் அரசியலும் ஒன்றாகக் கலக்கின்றன. பொதுவான அபாயப் பொருட்களுக்கு 10,000 பவுண்டு, அதாவது நம் கணக்கில் நாலரை டன். மிக அபாயமானவை என்று குறிக்கப்பட்டவற்றுக்கு 500 பவுண்டு, சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. அம்மோனியா 500 பவுண்டு. குளோரின் வெறும் 100. ஏன் இந்த வித்தியாசம்? உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் வரையறுத்த அளவு அம்மோனியாவுக்குப் பத்து லட்சத்தில் 300 பங்கு, குளோரினுக்கு 10 பங்கு, மீத்தைல் ஐசோசயனேட்டுக்கு 3 பங்கு. நச்சுத்தன்மை மட்டும் போதாது. பொருள் எவ்வளவு எளிதில் காற்றில் ஏறும் என்பதையும் சேர்த்தே வரம்பு வைக்கிறார்கள். பயங்கர நஞ்சானாலும் ஆவியாகாத திடப்பொருள் வேலிக்குள்ளேயே கிடக்கும். சுமாரான நஞ்சு, அழுத்தத்தில் திரவமாக இருந்தால், வால்வு உடைந்த கணமே ஊருக்குள் போய்விடும்.

வரம்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குக் கீழே குடியிருக்கும் கலையும் வந்துவிடும். பத்து டன்னுக்கு மேல் அறிவிக்க வேண்டும் என்றால் ஒன்பதரை டன் வைத்துக்கொள்வது. இந்தத் தந்திரத்துக்கு ஐரோப்பியர்கள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய விதிகளுக்கும் ஒரு விபத்தின் பெயர்தான். 1976 ஜூலை 10 அன்று வடஇத்தாலியின் மேதா என்ற ஊரில் ஓர் ஆலையிலிருந்து கிளம்பிய நச்சு மேகம் அடுத்திருந்த செவேசோ நகரில் படிந்தது. அதில் டையாக்சின் இருந்தது. ஆலை அதைத் தயாரிக்கவில்லை. வேதிவினை கட்டுமீறிப் போனதில் துணைவிளைபொருளாக உண்டானது. முயல்களும் கோழிகளும் செத்து விழுந்தன, குழந்தைகளுக்குத் தோலில் கொப்புளம் வந்தது. ஆனாலும் குடும்பங்களை வெளியேற்றத் தொடங்கியது ஜூலை 26 அன்றுதான். பதினாறு நாள். 1982இல் பிறந்த செவேசோ விதிகள் 1996இலும் 2012இலும் புதுப்பிக்கப்பட்டன. இன்றைய விதிப்படி மீத்தைல் ஐசோசயனேட் 150 கிலோ இருந்தாலே அது பெரும் அபாய ஆலை. போபாலில் வெளியேறியது அதைப்போல் இருநூற்றைம்பது மடங்குக்கு மேல்.

ஐரோப்பியர் போட்ட கணக்கு இது: ஒவ்வொரு பொருளின் இருப்பையும் அதன் வரம்பால் வகுத்து, ஒரே வகை அபாயமுள்ள பொருட்களின் பின்னங்களையெல்லாம் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றை எட்டினால் விதிக்குள் வந்தாயிற்று. குளோரினுக்குக் கீழ்வரம்பு 10 டன், அம்மோனியாவுக்கு 50 டன். ஓர் ஆலை 6 டன் குளோரினும் 25 டன் அம்மோனியாவும் வைத்திருந்தால், தனித்தனியாக எதுவும் வரம்பைத் தொடாது. ஆனால் 0.6 உடன் 0.5ஐக் கூட்டினால் 1.1. நச்சு எந்தப் பொருளில் இருந்து வந்தாலும் சுவாசிக்கிற நுரையீரல் ஒன்றுதான் என்பதை இந்தப் பின்னக் கணக்கு ஒப்புக்கொள்கிறது.

இருப்பைச் சொல்வது ஒரு கடமை. வெளியேற்றியதைச் சொல்வது இன்னொன்று. அமெரிக்கச் சட்டத்தின் 313ஆம் பிரிவு, ஆலைகள் ஆண்டு முழுவதும் காற்றிலும் நீரிலும் நிலத்திலும் விட்ட நச்சுகளைப் பவுண்டுக் கணக்கில் தரச் சொன்னது. தந்ததைக் கணினித் தரவுத்தளமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்றும் அரசைக் கட்டாயப்படுத்தியது. 1986இல் இது துணிச்சலான ஏற்பாடு. வீட்டில் கணினி வைத்திருந்தவர்களே அரிது. முதல் கணக்கைத் தர வேண்டிய நாள் 1988 ஜூலை 1. அதற்கு முந்தைய நாள், ஜூன் 30, மான்சான்டோ நிறுவனம் உலகெங்கும் உள்ள தன் ஆலைகளின் நச்சுக் காற்று வெளியேற்றத்தை 1992 முடிவுக்குள் 90 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. எந்தச் சட்டமும் அதைக் குறைக்கச் சொல்லவில்லை. எண்ணை எழுதிக் காட்ட மட்டுமே சொன்னது. தங்கள் ஆலை எவ்வளவு விடுகிறது என்பதைப் பல நிறுவனத் தலைவர்களே முதன்முறையாக அந்தப் படிவத்தில்தான் பார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. நம்பலாம். கசிந்து போவது மூலப்பொருள், அதாவது காசு. அதைக் கூட்டிப் பார்க்க அதுவரை யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

பங்குச் சந்தையும் கவனித்தது. 1989 ஜூனில் இந்தத் தரவு முதன்முறையாக வெளியானபோது என்ன நடந்தது என்று ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 1995இல் கட்டுரை வெளியிட்டார். பட்டியலில் இடம்பெற்ற நிறுவனங்களின் சந்தை மதிப்பு அன்று ஒரே நாளில் சராசரியாக 41 லட்சம் டாலர் சரிந்திருந்தது. அபராதம் இல்லை, வழக்கு இல்லை, செய்தி மட்டும்தான்.

சரி, அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? புகைபோக்கி ஒவ்வொன்றிலும் கருவி வைத்து அளப்பார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. இருக்கிற தரவைக் கொண்டு நியாயமான மதிப்பீடு தந்தால் போதும். எனவே பெரும்பாலும் கணக்குதான் ஓடும். அதிகம் பயன்படுவது நிறைச் சமன்பாடு. மாதத்துக்கு வாங்கிய எண்ணெயில் சமையலுக்குப் போனதையும் டின்னில் மிச்சம் இருப்பதையும் கழித்தால் சிந்தியது எவ்வளவு என்று தெரிந்துவிடுவதைப்போல, ஆலைக்குள் வந்த கரைப்பானில் பொருளோடு போனதையும் இருப்பையும் கழித்தால் மீதி காற்றில் போனது. கேட்கச் சுலபம். ஆனால் ஆண்டுக்கு ஆயிரம் டன் புழங்கும் இடத்தில் அளவீட்டுப் பிழை ஒரு சதவீதம் என்றாலே பத்து டன் காணாமல் போகலாம், அல்லது இல்லாத பத்து டன் தோன்றலாம். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைத் தேடும் எந்தக் கணக்குக்கும் இந்தச் சாபம் உண்டு. ஆகவே ஓர் ஆலையின் வெளியேற்றம் இந்த ஆண்டு பாதியாகிவிட்டது என்று பார்த்தால் வால்வு மாற்றியிருக்கலாம், உற்பத்தி குறைந்திருக்கலாம், சூத்திரத்தை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். இந்தத் தரவை நம்பாதீர்கள் என்பதல்ல. கணக்குப் பிள்ளையின் பேனாவும் அதில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பேனாவே எழுத முடியாத இடங்களும் உண்டு. 2014 ஜனவரி 9 அன்று, மறுபடியும் மேற்கு வர்ஜீனியாவில், தலைநகர் சார்ல்ஸ்டன் மக்கள் காற்றில் அதிமதுர மிட்டாய் வாசனையை உணர்ந்தார்கள். எல்க் ஆற்றங்கரையில் ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் 396ஆம் எண் தொட்டி அடிப்பகுதியில் துளைவிட்டு, எம்சிஎச்எம் என்ற திரவம் ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. நிலக்கரியைக் கழுவப் பயன்படுத்தும் ரசாயனம் அது. சுமார் 10,000 காலன் போயிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஊருக்குக் குடிநீர் எடுக்கும் இடம் அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் கீழே. அன்று மாலை ஒன்பது மாவட்டங்களில் மூன்று லட்சம் பேருக்கு அறிவிப்பு வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குளிக்காதீர்கள், துவைக்காதீர்கள், கழிப்பறைக்கும் தீயணைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

அந்த நிறுவனமும் இரண்டாம் அடுக்குப் படிவத்தை ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தது, 2013 பிப்ரவரியில். எம்சிஎச்எம் அதில் இருந்தது. குடிநீருக்கு இப்படி ஓர் ஆபத்து மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அந்தக் காகிதத்தை வைத்து யாரும் திட்டம் போட்டிருக்கவில்லை. கசிந்த பிறகு அந்தப் பொருளின் பாதுகாப்புத் தகவல் ஏட்டைப் புரட்டியவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி: நீண்டகாலப் பாதிப்பு, புற்றுநோய், கருவுக்கு ஆபத்து போன்ற வரிகளுக்கு எதிரே ‘தரவு இல்லை’ என்றே இருந்தது. தயாரிப்பாளரிடமிருந்து எலிகளில் செய்த பழைய ஆய்வுகளை வாங்கி, நோய்த் தடுப்பு மையம் அவசர அவசரமாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று ஓர் எல்லையை வகுத்தது. போதாக்குறைக்கு, தொட்டியில் இன்னொரு ரசாயனமும் கலந்திருந்தது என்று நிறுவனம் சொன்னது 12 நாள் கழித்து.

அறிவிப்புச் சட்டங்களின் பெரிய ஓட்டை இங்கேதான். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று படிவம் கேட்கிறது. அது மனிதரை என்ன செய்யும் என்பதை யாரோ எப்போதோ ஆராய்ந்திருப்பார்கள் என்று நம்பிக்கொள்கிறது. அந்த ஆராய்ச்சி நடக்காத பொருள் பட்டியலில் இருந்தாலும் வெறும் பெயர்தான். இன்னொரு குறை எளிதில் தீரக்கூடியதாக இருந்தது, தீர்க்கவும் செய்தார்கள்: குடிநீர் வாரியங்களுக்கு இந்தப் படிவங்களைப் பார்க்கும் வழியையும், கசிவு நேர்ந்தால் உடனே தகவல் பெறும் உரிமையையும் 2018இல் வந்த நீர்க் கட்டமைப்புச் சட்டம் கொடுத்தது. 1986இல் தீயணைப்பு நிலையத்தை நினைத்தவர்களுக்குத் தண்ணீர்க்காரர் நினைவுக்கு வர 32 ஆண்டு.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டுவதில் மறுபக்கமும் உண்டு. 1995இல் ஓக்லஹோமா நகர அரசுக் கட்டடத்தைத் தகர்த்து 168 பேரைக் கொன்ற குண்டில் அம்மோனியம் நைட்ரேட் உரம்தான் இருந்தது. ஊரைக் காக்க எழுதும் பட்டியல் திருடனுக்கு வழிகாட்டிப் பலகை ஆகிவிடாதா? அமெரிக்கா இதற்கு 1999இல் கண்டுபிடித்த சமரசம் விநோதமானது. ஆலையின் மோசமான விபத்து எவ்வளவு தூரம் பாதிக்கும் என்ற விவரங்கள் இணையத்தில் கிடையாது. அரசின் வாசிப்பு அறைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி, மாதத்துக்குப் பத்து ஆலைகள் வரை படிக்கலாம். கையால் குறிப்பெடுக்கலாம், நகல் எடுக்க முடியாது. டெக்சஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. வெஸ்ட் வெடித்த மறு ஆண்டு, மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அங்கே இருப்புப் படிவங்கள் ரகசியம் என்று தீர்ப்புரைத்தார். வேண்டுமானால் மக்கள் ஆலையிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றார். கேட்ட செய்தியாளர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஆலைகள் உண்டு.

திருடனுக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரனிடமும் மறைப்பதில் யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தெருமுனையில் அம்மோனியா தொட்டி நிற்பது கெட்ட எண்ணமுள்ளவனுக்குக் கண்ணாலேயே தெரியும். அதன் வால்வு உடைந்தால் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டுமா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டுமா என்பதுதான் குடியிருப்பவருக்குத் தெரியாதது.

போபால் நடந்த நாட்டில் சட்டங்கள் குறைவில்லை. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம், 1989இல் அபாயகர ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள். 1989 விதிகளில் செவேசோவின் சாயல் தெளிவாகத் தெரியும். பொருளுக்கு ஒரு வரம்பு, அதற்கு மேல் இன்னொரு வரம்பு என்ற அதே அமைப்பு. வரம்புக்கு மேல் ரசாயனம் வைக்கப்போகும் தொழிலகம் மூன்று மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பெரும் விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வளாகத்துக்குள் என்ன செய்வது என்ற திட்டம் ஆலையின் பொறுப்பு. வெளியே என்ன செய்வது என்பது அரசு அதிகாரிகளின் பொறுப்பு. பாதிக்கப்படக்கூடிய தூரத்தில் வசிப்பவர்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் ஆலை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, சென்னையில் சிலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மணலியில் ஒரு சரக்குப் பெட்டக முனையத்தில் 37 பெட்டகங்களில் ஏறத்தாழ 700 டன் அதே பொருள், 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்தது, ஐந்தாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. 2015 பெருவெள்ளத்தில் கொஞ்சம் வீணாகியிருந்தது. இந்தியாவில் 2012 முதல் அம்மோனியம் நைட்ரேட்டுக்கென்றே தனி விதிகள் உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, வந்ததும் போனதும் ஏட்டில் ஏற வேண்டும். இங்கேயும் பொருள் ரகசியமாக இல்லை. பறிமுதல் ஆவணத்தில் இருந்தது, வழக்குக் கட்டில் இருந்தது. பெய்ரூட்டிலும் அப்படித்தான்: 2014க்கும் 2017க்கும் இடையில் அந்நாட்டுச் சுங்க அதிகாரிகள் குறைந்தது ஆறு கடிதம் எழுதியிருந்தார்கள். பறிமுதல் செய்த துறை ‘எங்கள் வேலை முடிந்தது’ என்றும், ஊர்ப் பாதுகாப்பைப் பார்க்கும் துறை ‘எங்களிடம் வரவில்லை’ என்றும் நினைக்கிற இடைவெளியில் பொருள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறது. மணலிப் பெட்டகங்கள் பெய்ரூட் செய்தி வந்த சில நாட்களில் லாரிகளில் ஏறி ஹைதராபாத்துக்குப் புறப்பட்டன. ஐந்து ஆண்டு நகராதது சில நாளில் நகர்ந்ததென்றால் தடையாக இருந்தது விதி இல்லை.

அமெரிக்காவைப்போல் ஊர்ப் பெயரைத் தட்டினால் பக்கத்து ஆலையின் ஆண்டு நச்சு வெளியேற்றம் வந்து நிற்கும் பொதுத் தரவுத்தளம் இந்தியாவில் இன்னும் அமையவில்லை. ஆனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். 1996இல் வந்த ரசாயன விபத்து விதிகள் மத்தியிலும் மாநிலத்திலும் மாவட்டத்திலும் தொழிற்பேட்டை மட்டத்திலும் நெருக்கடிக் குழுக்களை ஏற்படுத்தியிருக்கின்றன. மாவட்டக் குழு 45 நாளுக்கு ஒருமுறையும் உள்ளூர்க் குழு மாதம் ஒருமுறையும் கூட வேண்டும். தமிழ்நாட்டில் ஆலைகளின் அறிவிப்புகளையும் பாதுகாப்பு அறிக்கைகளையும் பெறுவது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வெளிவளாக அவசரத் திட்டம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்தது. மணலியிலோ எண்ணூரிலோ கடலூர் சிப்காட் பக்கத்திலோ குடியிருப்பவர் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மூன்று கேள்விகளை அனுப்பலாம்: எங்கள் உள்ளூர் நெருக்கடிக் குழு கடைசியாகக் கூடியது எப்போது, அதன் கூட்டக் குறிப்பு எங்கே, வெளிவளாகத் திட்டப்படி கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது?